‘அப்பா துபாயில் இருக்கார்’ என்று சொன்ன பொய்யை எப்படித் திருத்துவது?

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருடைய கணவர் துபாயில் டிரைவர் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். ஜனவரி கடைசியில் ஓர் இரவு, மகன் பரோட்டா கேட்டான் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனவர், எதிரே தப்பான பக்கத்தில் வந்த சரக்கு வேன் மோதி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகன்தான் கொள்ளி வைத்தான். யு.கே.ஜி. படித்த மகளை அன்று இரவே திருச்சியில் உள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தபோது, ‘அப்பா துபாய்க்குப் போயிட்டார்’ என்று சொல்லியாகிவிட்டது. வீடியோ கால் கேட்டால் ‘அங்க டவர் இல்ல’ என்று சமாளிக்கிறார்கள்.

இப்போது ஐந்து மாதம் நெருங்குகிறது. ஆறு வயது மகள் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கிறாள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்கிறாள். போன வாரம், ‘நான் பொம்மை கேட்டு அழுததாலதான் அப்பா எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குறாரா?’ என்று கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும் மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ‘தைரியமான பையன், மறந்துட்டான்னு நினைக்கிறேன்’ என்கிறார் அம்மா. ஆனால் அவன் பரோட்டாவைத் தொடுவதில்லை. கடைவீதி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். இறந்தது சதய நட்சத்திரத்தில் என்பதால் உடலைக் கிடத்திய அறைக்கு ஆறு மாத அடைப்பு, அதாவது அதுவரை அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். மாமியார் தினமும் பொழுது சாய்ந்தால் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார். உறவினர்கள், மகளைச் சித்தி வீட்டிலும் மகனை ஹாஸ்டலிலும் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். விபத்து வழக்கை ‘அடைப்பு முடிஞ்சு பார்த்துக்கலாம்’ என்று கொழுந்தனார் சொல்லியிருக்கிறார். ‘யூடியூபில் துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறார்கள், நான் எந்தக் கட்டத்திலும் இல்லை. ராத்திரி அவர் பைக் சத்தம் வாசலில் கேட்கிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் புத்தி பேதலிக்கவில்லை. அதைப் பிறகு விளக்குகிறேன். மனசு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். இது மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பி நீங்கள் தள்ளிப்போட வேண்டாம். அடைப்பு முடிகிற தேதியும் கெடு முடிகிற தேதியும் உங்களுக்கு ஒரே வாரத்தில் வருகின்றன. கொழுந்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது. அடைப்பு அறைக்குத்தான், கோர்ட்டுக்கு இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987ஆம் வருடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, துபாய் சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் வந்த பதிவு, இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டுவிடுங்கள். மனுவில் உங்கள் மாமியாரையும் சேர்க்கச் சொல்லுங்கள். மகன் இறந்ததற்கு வரும் இழப்பீட்டில் அவருக்கும் சட்டப்படி பங்கு உண்டு. பின்னால் சண்டையாக வராமல் இருக்க அதுவே நல்லது. துபாய் கம்பெனியிலிருந்து வர வேண்டிய பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் வாரிசுகளுக்குச் சேர வேண்டியவை. அதையும் வக்கீலிடம் கேளுங்கள். பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால், சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்ததற்கான அரசு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் மகனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

மகளிடம் உண்மையைச் சொல்வது

‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், பெரியவளானதும் சொல்லிக்கலாம்’ என்பது உங்கள் வீட்டாரின் எண்ணம். அவளுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். உங்கள் நெற்றியில் பொட்டு இல்லை. ஓர் அறை பூட்டியிருக்கிறது. அப்பத்தா அதற்கு முன்னால் அழுகிறார். முன்பெல்லாம் தினமும் போனில் பேசிய அப்பா பேசுவதில்லை. இத்தனையையும் கோத்து அவள் தனக்குத் தெரிந்த ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டாள்: அப்பாவுக்கு என் மேல் கோபம். அப்பா இறந்துவிட்டார் என்ற துக்கத்தைவிட, அப்பா என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்ற துக்கம் ஒரு பிள்ளைக்குப் பெரியது. நீங்கள் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவளை இந்த இரண்டாவது துக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருந்திருக்காது. ஆனால் இனி ஒரு வாரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். தெருவில் விளையாடுகிற வேறொரு குழந்தை வாயிலிருந்து அவள் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சனி அல்லது ஞாயிறு காலை, சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரம் வேண்டாம், பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். மடியிலோ பக்கத்திலோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூட்டம் இருக்கக் கூடாது. உங்களோடு அவளுக்குப் பிடித்த ஒருவர் போதும். கிட்டத்தட்ட இப்படி:

‘பாப்பா, அம்மா உங்கிட்ட ரொம்ப வருத்தமான ஒரு விஷயம் சொல்லப்போறேன். அப்பா துபாய்ல இல்ல. பொங்கல் லீவுல வந்தப்போ ரோட்டுல ஒரு வேன் அப்பா மேல மோதிருச்சு. உடம்பெல்லாம் ரொம்ப அடிபட்டு, அப்பா செத்துப்போயிட்டாரு. செத்துப்போனா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விடாது, பேசாது, பசிக்காது, வலிக்காது. அப்பாவால திரும்பி வர முடியாது. துபாய் போயிட்டாருன்னு அம்மா சொன்னது உண்மை இல்ல. நீ அழுவியேன்னு பயந்து சொல்லிட்டேன். இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு உம்மேல கோவமே இல்ல. நீ பொம்மை கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.’

இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்ல முடியாது, நடுவில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். அழுதுகொண்டே சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. நீங்கள் அழுவதைப் பார்த்தால்தான் இந்த வீட்டில் அழலாம் என்று அவளுக்குத் தெரியும்.

‘செத்துப்போயிட்டார்’ என்ற சொல் உங்கள் வாயில் வராது என்று தோன்றலாம். ‘இறந்துட்டார்’ என்றாலும் சரி. ஆனால் ‘தூங்குறார்’, ‘சாமி கூட்டிக்கிட்டார்’, ‘நட்சத்திரமாயிட்டார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். தூங்குகிறார் என்றால் தூங்கவே பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. சாமி கூட்டிக்கொண்டது என்றால், அடுத்து அம்மாவையும் கூட்டிக்கொள்ளுமோ என்று பூஜை அறைப் பக்கமே வர மாட்டாள். உடம்புக்கு என்ன ஆனது என்பது முதலில் புரியட்டும். ‘அப்பா சாமிகிட்ட இருக்கார்னு நாம நம்புறோம்’ என்பதைப் பிறகு, நம்பிக்கையாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும்? அவள் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு ‘நான் விளையாடப் போகவா?’ என்று கேட்கலாம். பாசம் இல்லை என்று அப்பத்தா வருத்தப்படுவார். அந்த வயதில் துக்கம் மழைக்காலத்து வெயில் மாதிரி, விட்டு விட்டுத்தான் வரும். சாயங்காலம் சாப்பிடும்போது திடீரென்று ‘அப்பா என் பொறந்தநாளுக்கு வருவாரா?’ என்பாள். இறந்தவர் திரும்ப மாட்டார், உடம்பின் எல்லா வேலையும் நின்றுபோகும், எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபடுகின்றன. உங்கள் மகள் அந்த நடுவழியில் இருக்கிறாள். ஒரே கேள்வியை முப்பது தடவை கேட்டாலும் அதே பதிலை, முடிந்தவரை அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

சில கேள்விகள் உங்களைத் தூக்கிவாரிப்போடும். ‘அப்பாவை எங்க வச்சிருக்கீங்க?’ என்பாள். சுடுகாட்டில் எரித்ததைச் சொல்லலாம். ஆனால் வலிக்காது என்பது முன்பே அவள் மனசில் பதிந்திருக்க வேண்டும். அதனால்தான் மேலே அந்த வரி இருக்கிறது. ‘அந்தப் பூட்டின ரூம்லதான் இருக்காரா?’ என்று கேட்டால், ‘இல்ல, அங்க யாரும் இல்ல. இறந்தவங்களுக்காக நம்ம வீட்டுல கொஞ்ச நாள் பூட்டி வைக்கிற வழக்கம்’ என்று சொல்லுங்கள். ‘நீயும் செத்துருவியா?’ என்று கட்டாயம் கேட்பாள். ‘மாட்டேன்’ என்று சத்தியம் பண்ணாதீர்கள். இப்போதுதான் ஒரு பொய்யைத் திருத்தியிருக்கிறீர்கள். ‘எல்லாரும் ஒருநாள் சாவாங்க. அம்மா நல்லா இருக்கேன், நீ பெரியவளாகி ரொம்ப நாள் வரைக்கும் இருப்பேன்னு நினைக்கிறேன். எப்பவுமே உன்னைப் பார்த்துக்க ஆள் இருக்கும், சித்தி இருக்கா’ என்று சொல்லுங்கள். சித்தியிடம் இதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்வதற்கு முன்பு வீட்டில் உள்ள எல்லோரும், பக்கத்து வீட்டாரும், வகுப்பு டீச்சரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையைச் சொன்ன மறுநாள் யாராவது ‘அப்பா ஊருக்குப் போயிருக்காரும்மா’ என்றால், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. டீச்சரிடம் இன்னும் ஒன்று: ‘என் அப்பா’ என்று படம் வரையச் சொல்கிற நாள் வந்தால் முன்னாலேயே உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். வரையக் கூடாது என்று இல்லை, அவளையே கேட்டுவிட்டு வரையலாம்.

படுக்கையில் சிறுநீர் போவதற்குத் திட்டவோ மற்றவர்கள் முன்னால் சொல்லவோ வேண்டாம். பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் மனசுதான் காரணம். ஆனாலும் ஒரு தடவை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்றும், அபூர்வமாகச் சர்க்கரை நோயும் இப்படித்தான் தலைகாட்டும். அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாள், மெலிகிறாள் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்று வலி, உங்களை விட்டுப் போகிற பயம். போய்விட்டுத் திரும்பினால் அம்மா இருப்பாளா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. நாலு மணிக்கு வாசலில் நிற்பேன் என்றால் நாலு மணிக்கு நில்லுங்கள், முடியாத நாளில் யார் வருவார்கள் என்று காலையிலேயே சொல்லுங்கள்.

மகன் மறக்கவில்லை

இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மகன். பரோட்டாவைத் தொடாதவன், கடைவீதியைச் சுற்றிப் போகிறவன் எதையும் மறக்கவில்லை. ‘நான் கேட்டதாலதான் அப்பா செத்தார்’ என்று ஐந்து மாதமாக அவன் தனக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அதை அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். அதற்கு மேல், ‘இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேல், தங்கச்சி ‘அப்பா எப்ப பேசுவாரு?’ என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், கொள்ளி வைத்த கையோடு அவனும் ‘டவர் இல்ல’ என்ற பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளிடம் உண்மையைச் சொல்வதில் பாதி லாபம் இவனுக்கு.

ஆகவே மகளிடம் பேசுவதற்கு முதல் நாள் இவனிடம் பேசுங்கள். எதிரெதிரே உட்கார வைத்து ‘மனசுல என்ன இருக்கு சொல்லு’ என்றால் இந்த வயதுப் பையன்கள் எழுந்து போய்விடுவார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டோ, ரேஷன் கடைக்கு நடந்துகொண்டோ, பக்கவாட்டில் இருந்து பேச்சு வரட்டும். பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும்: ‘அன்னைக்கு நீ பரோட்டா கேட்டதாலதான்னு உனக்குத் தோணுதாடா? எனக்கே, நான் ஏன் அவரைப் போக விட்டேன்னு தோணும்.’

பதில் வரும் வரை சும்மா இருங்கள். வந்தவுடனே ‘சீ, அப்படியெல்லாம் நினைக்காதே’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவன் இத்தனை நாள் சுமந்ததை முழுதாக இறக்கி வைக்கட்டும். அப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘கேட்டது நீ. போறேன்னு கிளம்பினது அப்பா. தப்பான பக்கத்துல வந்து மோதினது வேன்காரன். எஃப்.ஐ.ஆர்.லயும் அப்படித்தான் இருக்கு.’ அவன் அந்தக் காகிதத்தைப் பார்க்க விரும்பினால் காட்டலாம். ஒரு தடவை சொன்னதும் குற்ற உணர்ச்சி போய்விடாது. பரீட்சைக்கு முன், அப்பா பிறந்தநாளில், திதி நெருங்கும்போது திரும்பி வரும். திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

தங்கச்சியிடம் சொல்லும்போது பக்கத்தில் இருக்கிறாயா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அவனையே சொல்ல வைக்காதீர்கள்.

‘ஆம்பள’ பேச்சை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. அவன் காதுபடவே உறவினர்களிடம் ‘வீட்டை நான் பார்த்துக்குறேன் மாமா, அவன் படிக்கட்டும்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஏ.டி.எம். கார்டு, போலீஸ் ஸ்டேஷன், கடன்காரர், வக்கீல், இவை அவன் வேலை இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது, தங்கச்சியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது போன்றவை இருக்கட்டும். ஒன்றுமே செய்ய விடாமல் வைத்தாலும் ஒதுக்கப்பட்டதாக நினைப்பான்.

கெட்ட கனவு, பிரேக் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, அந்தக் காட்சி கண்ணில் வந்து வந்து போவது, இவை இருக்கின்றனவா என்று கவனியுங்கள். விபத்துக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இவை தொடர்ந்தால் அது துக்கத்தோடு அதிர்ச்சியும் சேர்ந்தது. அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு, ‘காலம் ஆற்றும்’ என்று விடக்கூடாது. ஒரு வழியை ஐந்து மாதமாகத் தவிர்ப்பதே மனநல நிபுணரிடம் ஒரு தடவை காட்டப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன். மார்க் குறைவதைப் பற்றி வகுப்பாசிரியரிடம் நீங்களே பேசுங்கள். துக்கத்தில் முதலில் அடிபடுவது கவனம்தான். பத்தாம் வகுப்பு என்று நெருக்குவதால் அது திரும்பாது.

இன்னொன்றை நேராகக் கேட்க வேண்டும்: ‘செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்லலாம் என்ற தைரியம்தான் அவனுக்கு வரும். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தோ எலி மருந்தோ வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். பதில் என்னவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

சித்தி வீடு, ஹாஸ்டல்

வேண்டாம். அப்பா போன ஆறு மாதத்துக்குள் அம்மா, அண்ணன், வீடு, பள்ளி, தெருப்பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்தச் சின்னவள் சேர்த்து இழப்பாள். தான் எதற்காகவோ தண்டிக்கப்படுவதாக ஏற்கெனவே நினைப்பவளுக்கு அது உறுதியாகிவிடும். போன தடவை சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது அப்பாவே இல்லை என்பதையும் யோசியுங்கள். மகனுக்கும் ஹாஸ்டல் இப்போது சரியில்லை. அங்கே ராத்திரியில் அவன் தனியாக அந்தக் காட்சியோடு படுத்திருப்பான். லீவில் நாலு நாள் போய் வருவது வேறு. போகும்போதே திரும்பும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு அனுப்புங்கள். பணக் கஷ்டத்தால் அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டு பிள்ளைகளையும் பிரிக்காமல் ஒரே இடத்துக்கு அனுப்பப் பாருங்கள். முதல் திதி வரையாவது தள்ளிப்போடுங்கள்.

அப்பத்தாவும் அந்த அறையும்

உங்கள் மாமியாரின் ஒப்பாரியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அது அவர் துக்கத்தை இறக்கும் வழி; அவர் இழந்தது பெற்ற பிள்ளையை. உண்மை தெரிந்த பிறகு பேத்திக்கும் அந்த அழுகை பயம் தராது, ‘அப்பத்தா அப்பாவை நினைச்சு அழுவுது’ என்று புரியும். அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: மகன் சின்ன வயதில் செய்த சேட்டைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது. அந்த வீட்டில் அதை அவரால் மட்டும்தான் செய்ய முடியும்.

அடைப்பு முடிந்து அறையைத் திறக்கும் நாளில் பிள்ளைகள் இருவரும் வீட்டில் இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கும் என்று முன்னாலேயே சொல்லி, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். அன்றைக்கே துணிமணிகளை எல்லாம் கட்டித் தானம் கொடுத்துவிடுவார்கள், விடாதீர்கள். ஆளுக்கொரு பொருளை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். துவைக்காத சட்டை ஒன்று கிடைத்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், வாசனை பல மாதம் நிற்கும். மகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கக் கேட்டால் கொடுங்கள். போட்டோவை மறைத்தால் மறந்துவிடுவார்கள் என்பது நடக்காது. மறைத்த போட்டோ, பேசக்கூடாத போட்டோ ஆகிவிடும், அவ்வளவுதான்.

அவருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை இன்றே வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். போன் ஒருநாள் தண்ணீரில் விழும். சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் பின்னால் வேறொருவருக்குப் போகும். மகள் அழுத்தினால் யாரோ ஒருவர் எடுப்பார். வங்கி ஓ.டி.பி.யும் அதில்தான் வரும் என்பதால், கணக்கு வழக்கு முடியும் வரை உயிரோடு வைத்திருங்கள்.

உங்களைப் பற்றி

ராத்திரியில் பைக் சத்தம் கேட்பது பைத்தியம் இல்லை. வேல்ஸ் நாட்டில் ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்ததாக அல்லது பார்த்ததாக, குரல் கேட்டதாகச் சொன்னார்கள். பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதேபோல் அந்த ஐந்து கட்டங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் அதை எல்லாத் துக்கத்துக்கும் அளவுகோலாக்கிவிட்டார்கள். படிப்படியாக ஏறிக் கடக்க வேண்டிய வரிசை எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் அவரை நினைத்து உடைந்து, அடுத்த மணி நேரம் ஸ்கூல் ஃபீஸ் கணக்குப் பார்ப்பீர்கள். இப்படி இரண்டுக்கும் நடுவே போய் வருவதுதான் ஆரோக்கியம் என்பதை ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். சிரித்துவிட்டேனே என்று உறுத்திக்கொள்ளாதீர்கள். பொட்டு வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம்.

துக்கம் எப்போது நோயாகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அதோடு அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் பிடித்து வைத்திருக்க வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் ‘பிள்ளைகள் இல்லைன்னா நானும் போயிருப்பேன்’ என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பேச்சாக எல்லோரும் சொல்வதுதான். உங்கள் விஷயத்தில் எப்படி, எப்போது என்று மனசு யோசிக்க ஆரம்பித்திருந்தால், இந்தப் பதிலை மூடிவிட்டு 14416க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104ஐயும் அழைக்கலாம்.

மெடிக்கலில் வாங்கிய தூக்க மாத்திரையைத் தினமும் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சீட்டு இல்லாமல் வாங்குவதை நிறுத்துங்கள். ஆனால் வாரக்கணக்கில் போட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், படபடப்பும் சில சமயம் வலிப்பும் வரும். டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள், எந்த நாள் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மகனையும் அன்றே காட்டுங்கள், ஆனால் ‘உனக்குத்தான் டாக்டர்’ என்று கூட்டிப் போகாதீர்கள். ‘நானும் காட்டுறேன், நீயும் வா’ என்றால் வருவான். டாக்டர் அவனோடு தனியாகப் பேசக் கேட்டால் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். உள்ளே என்ன பேசினான் என்று பஸ்ஸில் கேட்க வேண்டாம்.